போர்த் தண்ணீரில் ஒரு பழுப்பு வளையம்

எங்கள் கோயிலுக்கு ஆழ்துளைக் கிணறு போட இடம் குறித்தது ஒரு தேங்காய். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், எங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். அதனால் தேங்காய் என்றதும் யாரும் பிள்ளையாரைத் தேட வேண்டாம்.

கோயில் கமிட்டியில் ஏழு பேர். ஆறு ஆண்கள், பிறகு நான். கோயிலை ஒட்டி இருக்கிற பெண்கள் பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியை; ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. கமிட்டியில் என்னைச் சேர்த்தது பெருந்தன்மையால் அல்ல. வெளியே விட்டால் கூடுதலாகப் பேசுவேன் என்ற பயம்தான். உள்ளே வந்த பிறகும் நான் பேச்சைக் குறைக்கவில்லை. குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிற ஊரில், அசனத்துக்கு லாரித் தண்ணீரை நம்பி எத்தனை வருடம் உட்கார்ந்திருப்பது என்று கூட்டத்துக்குக் கூட்டம் கத்தினேன். அசனம் என்பது அறுப்பின் பண்டிகையன்று ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற கறிச்சோறு. அண்டா அண்டாவாகத் தண்ணீர் வேண்டும். கடைசியில் என் வாய்க்குப் பயந்தே போர் போடுவதென்று முடிவானது.

நீரோட்டம் பார்க்க வந்தவருக்கு நெற்றி நிறையத் திருநீறு. கமிட்டிச் செயலாளருக்கு அது உறுத்தியது.

"அண்ணாச்சி, இது கோயில் இடம். அதைக் கொஞ்சம் அழிச்சிட்டுப் பாப்பீகளா?"

"திருநீறு இல்லாட்டி தேங்கா எந்திரிக்காதுங்க" என்றார் அவர், மிக மரியாதையாக.

கால்மணி நேரம் வேதாந்தம் நடந்தது. தேங்காய்க்கு மதம் உண்டா, அதை உருட்டினால் பாவமா, உருட்டாமல் வெறுமனே கையில் வைத்திருந்தால் பாவமில்லையா என்று ஆளாளுக்கு ஒரு நியாயம். முடிவில் போதகர் ஒரு வழி கண்டுபிடித்தார். திருநீறு இருக்கட்டும், ஆனால் தேங்காய்க்காக அவர் ஜெபம் செய்துவிடுவார். எல்லோரும் கண்ணை மூடினோம். உரித்த தேங்காய்க்காக ஒருவர் உருகி ஜெபித்ததை நான் அன்றுதான் கேட்டேன். சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு அவர் வளாகம் முழுக்க நடந்தார். வடகிழக்கு மூலைக்குப் போனதும் அது குடுமியோடு விருட்டென்று எழுந்து நின்றது. எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னோம். அந்த மூலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனி. மருந்து கலக்கிற பாத்திரம், சல்லடை, துணி எல்லாவற்றையும் கழுவி ஊற்றுகிற குழி சரியாக அங்கேதான் இருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம், பத்தடி தள்ளி, எங்கள் கோயில் கக்கூஸின் தொட்டி. இரண்டுக்கும் நடுவே பார்த்துத்தான் தேங்காய் எழுந்தது. இரண்டையும் தினமும் பார்க்கிற வேதியியல் ஆசிரியை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் முதலில் கைதட்டியவள்.

இன்னொரு கூத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே வாரம் பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் நான் சுற்றுச்சூழல் பற்றிப் பேசினேன். டெல்டா பக்கம் ஷேல் எரிவாயு எடுக்கப் பூமியைத் துளைத்தால் நிலத்தடி நீர் என்ன ஆகும் என்பது தலைப்பு. துளையைச் சுற்றி இறக்குகிற குழாய் சரியில்லை என்றால் ஒரு அடுக்கில் இருக்கிற அழுக்கு இன்னொரு அடுக்குக்கு இறங்கிவிடும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். பூமி ஒரு அடுக்குப் பாத்திரம், அதை ஓட்டை போட்டால் குழம்பு சோற்றில் ஒழுகும் என்றேன். பிள்ளைகள் பலமாகக் கைதட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் நேரே கோயில் வளாகத்துக்கு, திருச்செங்கோட்டு போர் வண்டி வந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன்.

வண்டி வந்திருந்தது. துளையிட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே பாறை தட்டியது. போர் வண்டிக்காரர் என்னிடம் வந்தார். கமிட்டியில் மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

"அம்மா, மேல் பாறை வெடிப்பா இருக்குதுங்க. இன்னும் ரெண்டு கேசிங் பைப் இறக்குனா நல்லதுங்க. இல்லீன்னா மேத்தண்ணி உள்ளார இறங்கிருமுங்க."

பைப்பு சாத்தூரிலிருந்து வர வேண்டும், மறுநாள் ஆகிவிடும் என்றார். அசனத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது. "பாறை வந்துட்டுல்ல, பின்ன என்ன? பாறையவிடக் கெட்டியான பைப்பு உண்டா? போடுங்க" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். படித்த அம்மா சொல்கிறாள் என்று போய் மோட்டாரை முடுக்கினார். அறுநூறு அடி தாண்டித் தண்ணீர் பீய்ச்சியடித்தது. நான் சேலை நனைய நின்று சிரிக்கிற படம் ஒன்று இன்றைக்கும் யாருடைய போனிலோ இருக்கிறது.

அசனத்தன்று பிரதிஷ்டை. ரிப்பன் வெட்டி, ஜெபம் பண்ணி, கமிட்டி உறுப்பினர்கள் பெயர் செதுக்கிய கல்வெட்டைத் திறந்தார்கள். ஏழாவது பெயர் என்னுடையது. பட்டங்களோடு இரண்டு வரி பிடித்தது. சாம்பாருக்குப் போட்ட பருப்பு மட்டும் கடைசிவரை வேகவில்லை. சமையல்காரர் பருப்பைத் திட்டினார், பிறகு விறகைத் திட்டினார். தண்ணீரைத் திட்ட யாருக்கும் தோன்றவில்லை. ஜெபம் பண்ணின தண்ணீரை யார் திட்டுவார்கள்?

பள்ளிக்கூடத்துக்கும் அதிலிருந்து ஒரு குழாய் இழுத்தோம். அதற்கு முதல் ரசிகை எங்கள் லேப் அக்கா. ஆய்வக உதவியாளரைப் பிள்ளைகள் அப்படிக் கூப்பிடுவார்கள். என்னைவிட இருபது வயது இளையவளாக இருந்தும் நானும் அப்படியே பழகிவிட்டேன். அவள் வேதக்காரி அல்ல. காளியம்மன் கோயிலுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள். ஆனால் தண்ணீர் விஷயத்தில் அவளுக்கு எங்கள் போதகர்மேல் எங்களைவிட நம்பிக்கை அதிகம். "அம்புட்டு நேரம் கண்ண மூடி ஜெபம் பண்ணாக டீச்சர். சும்மாவா போவும்?" என்பாள்.

அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. எனக்கும் அதில் பங்கு உண்டு. ஆய்வகத்துக்குப் பின்னால் ரசாயனங்கள் வைக்கிற சிறிய ஸ்டோர் ரூமில் ஒரு சேலைத் தொட்டில் தொங்கியது. அதில் அவள் தங்கச்சியின் மகள், பிறந்து மூன்று மாதம். தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் பட்டாசு கம்பெனியில் வேலை. ஆர்டர் குவிந்துவிட்டது, இப்போது வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். காலை ஆறரைக்கு வேன் வந்தால் இருவரும் ஏறிவிடுவார்கள். பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை. ஒருநாள் லேப் அக்கா பிள்ளையோடு வந்து என் முன்னால் நின்றாள். விதிப்படி நான் மறுத்திருக்க வேண்டும். தொட்டில் கட்ட விட்டத்தில் கொக்கி உறுதியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். பிள்ளை குண்டுக் கத்தரிக்காய் மாதிரி இருந்தது. என் கையை விடவே இல்லை.

தாய்ப்பால் காலையும் மாலையும்தான். பகலில் பால்பவுடர். அதைக் கரைக்கிற தண்ணீரை லேப் அக்கா எங்கள் பர்னரில்தான் காய்ச்சுவாள். அதற்கென்று ஒரு புது பீக்கரை எடுத்து, வேறு யாரும் தொடாதபடி அதில் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தாள். முதல்நாளே நான் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

"நல்லாக் காய்ச்சணும். சும்மா நுரை வந்தவுடனே இறக்காதே. பாதியாச் சுண்டணும். அப்பத்தான் கிருமி சாகும்."

அவள் அப்படியே செய்தாள். பீக்கரில் அளவுக்கோடு போட்டிருக்கிறதே, அதனால் அவள் சுண்டவைத்ததில் ஒரு கோடுகூடத் தப்பாது. முந்நூறு மில்லி ஊற்றினால் நூற்றைம்பதுக்கு வந்ததும் இறக்குவாள். என்னிடம் வேலை பழகியவள் அல்லவா என்று எனக்குப் பெருமை வேறு.

மாசி மாதம் ஒருநாள் அவள் சொன்னாள். "டீச்சர், பிள்ளைக்கு ஒதடு நாவப்பளம் தின்ன மாதிரி இருக்கு. நகமும் கருத்துக் கெடக்கு. கண்ணுபட்டுருச்சோ?"

நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. "அப்பன் நெறம் வருது. பின்ன வெள்ளைக்காரியாவா பொறப்பா?" என்றேன். அவள் சிரித்துவிட்டு, அன்று மாலை மிளகாய் வற்றல் சுற்றிப்போட்டாள். அவளாவது ஏதோ ஒன்று செய்தாள்.

செய்முறைத் தேர்வு வந்தது. இதில் வெளிப் பள்ளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். வந்தவர் விருதுநகர்ப் பக்கத்து ஆசிரியர், சிரித்துப் பழகாத மனிதர், சட்டைப் பையில் நான்கு பேனா. தொட்டில் விஷயம் அவருக்குத் தெரிந்தால் நானும் லேப் அக்காவும் தலைமையாசிரியை முன்னால் நிற்க வேண்டும். ஒருநாள் லீவு போட்டுக்கொள் என்று சொல்லவும் முடியாது. தேர்வன்று அவள் இல்லாமல் ஆய்வகம் நடக்காது. ஆகவே காலையிலேயே பாலைக் கொடுத்துத் தூங்கவைத்து ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திவிட்டாள். நான் ஒரு காதைப் பிள்ளைகளிடமும் ஒரு காதைக் கதவிடமும் வைத்துக்கொண்டு நடந்தேன். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. ஒரு சிணுங்கல்கூட இல்லை. ஆண்டவரே, உமக்கு நன்றி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

தேர்வில் ஆளுக்கொரு உப்பைக் கொடுப்போம். அதில் என்ன இருக்கிறது என்று சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். நைட்ரேட்டுக்கு ஒரு சோதனை உண்டு. உப்பைத் தண்ணீரில் கரைத்து, ஃபெரஸ் சல்பேட் கரைசலை ஊற்றி, சோதனைக் குழாயைச் சாய்த்து அதன் ஓரமாக அடர் கந்தக அமிலத்தை மெல்ல இறக்க வேண்டும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் பழுப்பாக ஒரு வளையம் கட்டினால் நைட்ரேட் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும். அன்றைக்கு நாங்கள் ஒரு பிள்ளைக்குக்கூட நைட்ரேட் உப்பு கொடுக்கவில்லை.

தேர்வாளர் முதல் வரிசை விடைத்தாள்களைப் புரட்டினார். பிறகு இரண்டாவது வரிசை. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"என்னங்க டீச்சர் இது? பாதி ரூமுக்கு நைட்ரேட் வந்திருக்கு?"

பார்த்தால் உண்மைதான். இதில் வேடிக்கை என்னவென்றால், உப்பின் நிறத்தைப் பார்த்தே குத்துமதிப்பாக எழுதிய சோம்பேறிகள் எல்லாம் சரியாக எழுதியிருந்தார்கள். ஒழுங்காக ஒவ்வொரு சோதனையாகச் செய்தவர்கள்தான் தப்பு. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளையின் தாளிலும் நைட்ரேட் என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. எனக்கு அது வர அதிக நேரம் பிடிக்காது.

"சோதிச்சுப் பாத்தியா, இல்லை பக்கத்துல எட்டிப் பாத்தியா?" என்று அவளைக் கேட்டேன். வகுப்பறையில் ஒரு நாளைக்கு நூறு தடவை நான் சொல்கிற வார்த்தை அது. சோதிச்சுப் பாத்தியா? பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கிற பட்டப்பெயரே அதுதான்.

"வளையம் வந்துச்சு டீச்சர். மூணு தடவ செஞ்சு பாத்தேன். மூணு தடவையும் வந்துச்சு" என்று அழுதாள். நான் நம்பவில்லை. தேர்வாளர் முன்னாலேயே கன்னாபின்னாவென்று திட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழாயை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். லேசாகத்தான் இருந்தது, ஆனாலும் பழுப்பு வளையம்.

தேர்வாளர் நல்லவேளையாகப் படித்ததை மறக்காதவர். "எந்தத் தண்ணியில கரைச்சாங்க?" என்று கேட்டார். வாலை வடிநீர் என்றேன். பேட்டரிக் கடையிலிருந்து கேனில் வாங்கி வைப்போம். லேப் அக்கா ஒரு அடி பின்னால் போனாள்.

"கேன்ல ஓட்ட விழுந்து நேத்தே ஒழுகிப்போச்சு டீச்சர். அதான் போர்த் தண்ணியப் பிடிச்சு எல்லாப் பாட்டில்லயும் ஊத்துனேன்." பிறகு மெல்லிய குரலில், "ஜெபம் பண்ணின தண்ணிதான? பிள்ளைக எல்லாம் பாஸாயிரும்னு நெனச்சேன்."

ஆய்வகம் முழுக்கச் சிரித்தது. நான்கு பேனாக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன். பாட்டிலிலிருந்து வெறும் போர்த் தண்ணீரை ஒரு குழாயில் எடுத்து, உப்பு எதுவும் போடாமல், நானே சோதனையைச் செய்தேன். அமிலம் இறங்கியது. எல்லோரும் குனிந்து பார்த்தோம். வளையம் கட்டியது.

"டீச்சர், நைட்ரேட்னா நம்ம வெடியுப்புதான?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேதியியலில் அது ஒன்றைச் சொல்லித்தர வேண்டியதில்லை. "அப்ப நம்ம தண்ணியக் குடிச்சிட்டுத் திரியப் பத்தவச்சா வெடிக்குமா?" என்று இன்னொருத்தி. மறுபடியும் சிரிப்பு.

அந்தச் சிரிப்புக்கு நடுவே பர்னர்மேல் சிவப்பு நூல் கட்டிய பீக்கர் என் கண்ணில் பட்டது. பன்னிரண்டு மணிப் பாலுக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. முந்நூறிலிருந்து நூற்றைம்பதை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

உப்பு கரைந்த தண்ணீரைச் சுண்டவைத்தால் தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. மிச்சத் தண்ணீரில் அதன் அடர்த்தி இரண்டு மடங்காகும். ஒன்பதாம் வகுப்புப் பாடம் இது. முப்பது வருடமாக நான்தான் நடத்துகிறேன். நைட்ரேட் மிகுந்த தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக் குடிக்கிற கைக்குழந்தைக்கு ரத்தம் காற்றைச் சுமக்க மாட்டாமல் உடம்பு நீலம் பாய்ந்துவிடும் என்பதும் தெரியும். பரீட்சைக்குத் தெரியும். நாவல்பழம் என்று அவள் சொன்னபோது தெரியவில்லை.

நான் ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். என் உடம்போடு நான் ஓடி வருடக்கணக்காகிறது. தொட்டிலை விலக்கினால் பிள்ளை கண்ணைப் பாதி மூடிக் கிடந்தது. உதடு சாம்பல் கலந்த நீலம். நகமெல்லாம் மை தொட்ட மாதிரி. கன்னத்தில் தட்டினேன். லேசாக முனகியது, அழவில்லை. காலையிலிருந்து அது அழாமல் இருந்ததற்குத்தான் நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். என்மேல் எனக்கு வந்த அருவருப்பை இன்றைக்கும் எந்தச் சோப்புப் போட்டும் கழுவ முடியவில்லை.

தேர்வாளருக்கு நான் எதுவும் விளக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. பிள்ளையைப் பார்த்தார், தன் காரின் கதவைத் திறந்தார், அவ்வளவுதான். "பரிட்சைய நாளைக்கு வச்சுக்கலாம், ஏறுங்க" என்றார். விருதுநகர்ப் பெரிய ஆஸ்பத்திரி வரை லேப் அக்கா பிள்ளையின் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் அவளுக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டாள். நடுவில் எங்கள் சாமியையும் கூப்பிட்டாள். கிணறு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

டாக்டர் ஒரு சின்னப் பெண். என்னிடம் படித்தவர்களின் வயதுதான் இருக்கும். நான் நைட்ரேட் என்று ஆரம்பித்ததும் கையமர்த்திவிட்டு ஊசியில் ரத்தம் எடுத்தாள். சாக்லேட் நிறத்தில் வந்தது.

"கரெக்டாத்தான் சொல்றீங்க. தண்ணியைச் சோதிச்சீங்களா?" என்றாள்.

"இன்னைக்குத்தான்" என்றேன்.

ஊசி போட்டார்கள். மருந்தின் பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மெத்திலின் நீலம். உயிரியல் ஆய்வகத்தில் வெங்காயத் தோலுக்குச் சாயம் ஏற்றுகிறோமே, அதே பெயர்தான். நீலமாகிப்போன பிள்ளைக்கு நீல மருந்து. அரைமணி நேரம் நான் அந்த உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு வந்தது. பிறகு நடுவில். பிறகு வாயைத் திறந்து ஒரு கத்து கத்தியது பாருங்கள், வார்டில் இருந்த மற்ற பிள்ளைகள் எல்லாம் பயந்து கூடச் சேர்ந்து அழுதன. வாரியெடுத்து மடியில் வைத்தேன். என் பட்டுக்கரைச் சேலையில் பச்சையும் நீலமுமாக மூத்திரம் பெய்தாள். அந்த மருந்து அப்படித்தான் வெளியே வரும். கறை போகவில்லை. நானும் அதைப் போக்க முயலவில்லை.

பிள்ளையின் அம்மா மத்தியானத்துக்கு மேல் ஓடிவந்தாள். கம்பெனியிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். முழங்கை வரை அலுமினியப் பொடி மினுமினுத்தது. பிள்ளையைத் தூக்கக் கை நீட்டியவள், தன் கையைப் பார்த்துவிட்டு வார்டு ஓரத்துக் குழாயடிக்குப் போனாள். குழாயைத் திறந்தவள் கையை நீட்டாமல் நின்றுவிட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், இந்தத் தண்ணில களுவலாமா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. டாக்டர்தான் கழுவலாம் என்றாள்.

அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனபின் நான் லேப் அக்காவிடம் சொன்னேன். சுண்டவைக்கச் சொன்னது தப்பு, சுண்டவைத்ததால்தான் கூடுதலாக ஏறியிருக்கிறது, அதைச் சொன்னது நான்தான் என்று. "நீங்க சொன்னீகன்னுதான் ஒரு சொட்டு கூடுதலா விடாம பாத்துப் பாத்துக் காய்ச்சுனேன் டீச்சர்" என்றாள். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

மறுநாள் தேர்வாளர் புதுக் கேனோடு வந்தார். தேர்வு மறுபடி நடந்தது. நான் திட்டிய பிள்ளையிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவள் மிரண்டுபோய் எழுந்து நின்றுவிட்டாள். முப்பது வருடத்தில் நான் கேட்ட முதல் மன்னிப்பு. அவளுக்கு என்ன, எனக்கே அது புதுசு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டியைக் கூட்டினேன். குழாயை மூட வேண்டும் என்றேன். செயலாளர் பதறினார்.

"பிரதிஷ்ட பண்ணின கெணறு டீச்சர். ஜெபம் பண்ணின தண்ணியில போயி கொற சொல்றீகளே?"

"ஜெபம் தண்ணி வர்றதுக்குப் பண்ணுனோம். தண்ணி வந்துச்சு. அதுல என்ன இருக்குன்னு பாக்குறது நம்ம வேலை. நம்ம யாருமே பாக்கலை" என்றேன்.

விசுவாசக் குறைவு என்று யாரோ முணுமுணுத்தார். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். கைப்பையிலிருந்து சோதனைக் குழாயும் அமிலப் பாட்டிலும் எடுத்து, காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுகிற மேசைமேல் வைத்தேன். கோயிலுக்குள் கந்தக அமிலம் கொண்டுவந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கமிட்டியின் மற்ற ஆறு தலைகளும், போதகர் தலையும், வேடிக்கை பார்க்க வந்த அறுபது தலைகளும் குனிந்தன. வளையம் கட்டியது. "மோதிரம் மாரி இருக்கு" என்றாள் ஒரு அம்மா. தேங்காய் எழுந்து நின்றபோது கைதட்டிய அதே கூட்டம். இந்தத் தடவை யாரும் தட்டவில்லை. போதகர்தான் முதலில் போய்க் குழாயை அடைத்தார். அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் போகவில்லை.

நைட்ரேட் எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும் இன்றுவரை தீர்ப்பு இல்லை. கம்பெனிக்காரர்கள் உங்கள் கக்கூஸ் தொட்டி என்கிறார்கள். நாங்கள் உங்கள் குழி என்கிறோம். இரண்டு தரப்பும் அடுத்தவர் கழுவி ஊற்றியதுதான் கிணற்றில் இறங்கியது என்று சாதிப்பதில் மும்முரமாக இருக்கிறோம். வழி விட்டது யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. இரண்டு குழாய் கூடுதலாக இறக்கியிருந்தால் மேல்தண்ணீர் அப்படி இறங்கியிருக்காது என்பது எனக்கும் அந்தத் திருச்செங்கோட்டுக்காரருக்கும்தான் தெரியும். கமிட்டியில் அதையும் சொன்னேன். கல்வெட்டில் என் பெயரை எடுத்துவிடலாமா என்று செயலாளர் அனுசரணையாகக் கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். கீழே குழாய்க்குச் சிவப்பு பெயிண்ட் அடித்து, குடிக்காதே என்று நானே எழுதினேன்.

பிள்ளைக்கு இப்போது ஒரு வயது. ஸ்டோர் ரூமில் தொட்டில் இல்லை; ஆய்வகம் முழுக்கத் தவழ்கிறாள். அவளுக்குப் பால் கரைக்கிற தண்ணீர் வேறு ஊரிலிருந்து வருகிறது. அதையும் வாரம் ஒருமுறை லேப் அக்கா தானே சோதித்துக்கொள்கிறாள். அமிலத்தை ஓரமாக இறக்குவதில் என்னைவிட அவளுக்குக் கை சுத்தம். போன வாரம் பிள்ளைக்கு மூக்கு ஒழுகியது. எனக்குப் பழைய பழக்கம், வாய் தானாகத் திறந்துவிட்டது.

"கற்பூரவல்லி இலையைக் கசக்கிச் சாறெடுத்து, தேன்ல குழைச்சுக் குடு. சட்டுனு நின்னுரும்."

லேப் அக்கா பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள். கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"சோதிச்சுப் பாத்தீகளா டீச்சர்?"

"இல்லை" என்றேன்.

"அப்ப இருக்கட்டும்" என்று பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டக் கிளம்பினாள். வருகைப் பதிவேட்டில் அவளுக்கு அரைநாள் அனுமதி எழுதிவிட்டு, அவளுக்குப் பதிலாக நானே பீக்கர்களைக் கழுவினேன்.